என் குதிரை தண்ணீருக்கு அடியில் இருக்கிறது

என் மகனுடைய உயிரைக் குடித்த தண்ணீரைத் திறந்துவிட்டது என் கைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்த மாதிரி ஆகிவிடும்.

அய்யனார் வாசலுக்கு வந்து போகிற எல்லோருக்கும் பஞ்சவர்ணத்தின் கும்பிடு. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. புரவி எடுப்புக்கு விழா மலர் போடுகிறோம், உனக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு என்று பூசாரி கேட்டார். சாமி காரியத்துக்கு மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் எங்கள் ஊர். அங்கே மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவதும், காலையில் வால்வைத் திறந்து விடுவதும் என் வேலை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு கிடைத்த வேலை. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. பருப்பு வேகாது. டீ போட்டால் பால் திரிந்த மாதிரி இருக்கும். முடிந்தவர்கள் கேன் வாங்கினார்கள். முடியாதவர்கள் குடித்தோம்.

மூன்று வருடங்களுக்கு முந்தைய பங்குனியில், சாக்கடை ஓரமாகப் போகிற குழாயில் எங்கோ இணைப்பு விட்டிருந்தது. அன்று அம்மனுக்குப் பொங்கல். காலையில் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தேன். லேசாக வாடை அடித்தது. நிறுத்தலாமா என்று நினைத்தேன். அதற்குள் தெருவில் குடத்தோடு பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"அக்கா, தெறந்து விடுக்கா. பொங்க வைக்கணும், நேரமாகுதுல்ல" என்று ஒருத்தி கத்தினாள்.

திறந்துவிட்டேன்.

என் மகன் முத்துப்பாண்டி ஐடிஐ முடித்துவிட்டு, மதுரை பழங்காநத்தத்தில் ஜாபர் என்பவருடைய டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தான். திருவிழாவுக்கு வந்தவன் நான்கு நாள் வீட்டில் இருந்தான். அப்புறம் ஊரில் பலருக்குக் காமாலை வந்தது. மதுரையில் இருந்த அவனுக்கும் வந்தது, வீட்டுக்குத் திரும்பி வந்தான். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். எட்டு நாள் அதிலேயே போய்விட்டது. மதுரைக்குக் கொண்டு போனபோது ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். அவனுக்கு வயது இருபது.

நான் அழவில்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் என்னைப் பிடித்து உலுக்கினார்கள். அழுதுவிடு, அழுதுவிடு என்றார்கள். ஒரு பக்கமாகவே படுத்தால் கை மரத்துப் போகுமே, தொட்டாலும் தெரியாதே, உள்ளே முழுக்க அப்படி இருந்தது. மூன்றாம் நாள் காலையில் வால்வு திறக்கப் போனேன். குழாயைச் சரி செய்துவிட்டார்கள். தீட்டு என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமே.

அய்யனார் கோயிலைத் தாண்டித்தான் தொட்டிக்குப் போக வேண்டும். அதுவரை ஒரு நாளும் கும்பிடாமல் தாண்டியதில்லை. அதற்குப் பிறகு கை எழவில்லை. சாமி மேல் கோபமா என்று பூசாரி கேட்டார். கோபப்படுவதற்காவது உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். எனக்கு அதுவும் இல்லை. சோறு தின்றேன், மோட்டார் போட்டேன், படுத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஜாபர் வந்தார். முத்துப்பாண்டியின் ஒர்க்‌ஷாப் சட்டையைத் துவைத்து மடித்து எடுத்து வந்திருந்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் என்னைப் பார்த்தார்.

"அக்கா, இந்தத் தண்ணியவா குடிக்கிறீங்க?"

"ஊரே இதத்தான் தம்பி குடிக்குது."

அவர் மிச்சத்தைக் கீழே ஊற்றவில்லை. மரியாதைக்கு முழுவதையும் குடித்தார். போகும்போது குழாய் வருவதற்கு முன்னால் ஊர் எதைக் குடித்தது என்று கேட்டார். கோயில் ஊருணியைக் காட்டினேன். குடிதண்ணீருக்கு என்றே வெட்டிய குளம் அது. ஒரு காலத்தில் யாரும் செருப்போடு அதன் கரையில் ஏற மாட்டார்கள். குழாய் வந்ததும் எல்லாம் விட்டுப் போனது. கருவேலம் மண்டி, குப்பை கொட்டி, நாய் படுத்துக் கிடந்தது.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். ஜாபரின் கூட்டாளிகள். பேங்கில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, நர்ஸ் ஒருத்தர், காலேஜ் பிள்ளைகள், மெக்கானிக்குகள். அரிவாளும் கையுமாகக் கருவேலத்துக்குள் இறங்கினார்கள். ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது. "மதுரையில வேல வெட்டி இல்லாம கருவேலம் வெட்ட வந்துட்டாங்க" என்று கேலி பேசியது. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அவர்கள் வந்தார்கள். எத்தனை மாதம்தான் வேடிக்கை பார்ப்பது? வெட்கப்பட்டு எங்கள் ஆட்களும் இறங்கினார்கள். மழைத் தண்ணீர் வருகிற வாய்க்காலையும் சேர்த்துச் சுத்தம் செய்தார்கள். நான் மோர் கரைத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

அடுத்த வருடம் ஆனியில் அவர்களே ஜேசிபி கொண்டுவந்து தூர் வாரினார்கள். மேலே இருந்த வண்டல் போனதும் கறுப்பாகக் களிமண் வந்தது. போதும், நிறுத்தலாம் என்றார் ஜேசிபி ஓட்டியவர். எங்கள் ஊர்க்காரர்கள் விடவில்லை.

"வந்ததே வந்துட்ட. இன்னும் ரெண்டடி தோண்டுப்பா. ஆழம் இருந்தாத்தான அம்புட்டுத் தண்ணி நிக்கும்!"

தோண்டினார். எடுத்த களியை டிராக்டரில் அடித்துக்கொண்டு போய் வயலிலும் வாசலிலும் கொட்டினோம். என் வீட்டு முன்னால் இருந்த பள்ளத்துக்கு நானும் ஒரு லோடு வாங்கிப் போட்டேன். ஓசியில் கிடைத்தால் விடுவோமா?

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தி அம்மா வந்தார். என் மகள் செல்வியை மேலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவள் முழுகாமல் இருந்தாள். ஆவணியில் வளைகாப்பு. வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து தலைப்பிரசவம் பார்ப்பதுதானே முறை. சம்பந்தி அம்மா கெட்டவர் இல்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க மதினி. வளகாப்ப ஜாம் ஜாம்னு போடுவோம். ஆனா பிள்ளைய இங்க அனுப்ப மாட்டோம். இந்தத் தண்ணி ஒரு பிள்ளையக் கொண்டுக்கிட்டுப் போயிருச்சு. இன்னொரு பிள்ளையக் குடிக்க விட எனக்கு மனசு வரல."

"சரி மதினி" என்றேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவர் போன பிறகு கோயிலுக்குப் போனேன். எத்தனையோ மாதம் கழித்து அன்றுதான் போனேன். கண்ணீர் இல்லை, உருக்கம் இல்லை. "அய்யா, என் மக வீட்டுக்கு வரணும். அதுக்கு நல்ல தண்ணி வேணும். வந்தா ஒரு குதிரை எடுக்கிறேன்" என்றேன். கடையில் சாமான் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். அப்படிக் கேட்டாலும் அவருக்குக் காது கேட்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்த வருடம் புரவி எடுப்பு வருடம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நேர்ந்துகொண்டவர்கள் பேரில் மண்குதிரை செய்து, ஊர்வலமாக எடுத்துப்போய் அய்யனாருக்கு வைப்பதுதான் புரவி எடுப்பு. ஆடியில் ஊர் கூடிப் பூசாரி கையில் ஒரு பிடி மண் கொடுப்போம். எங்கள் பூசாரி வேளார், மண்குதிரை செய்கிறவரும் அவரே. அந்தப் பிடிமண்ணை வாங்கிய பிறகுதான் கண்மாய் மூலையில் இருக்கிற களிக்குழியில் அவர் மண்வெட்டி வைப்பார். அந்தக் குழி சாமிக்கு உரியது. குதிரை செய்வதைத் தவிர வேறு எதற்கும் அந்தக் களியைத் தொடக் கூடாது. அந்த ஆடியில் பிடிமண் கொடுத்தபோது நேர்த்திக்கடன் குதிரைகளில் என் பெயரும் முன்கூட்டியே சேர்ந்தது.

அதே வாரம் நல்ல மழை பெய்தது. ஊருணியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஜாபருக்குப் போன் போட்டுச் சொன்னேன். சம்பந்திக்கும் சொன்னேன். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் முழங்கால் அளவுதான் இருந்தது. எட்டாம் நாள் சேறு. பிறகு அதுவும் இல்லை. அடியில் மஞ்சள் மணல் தெரிந்தது.

ஆனியிலிருந்தே பக்கத்து ஊரில் குதிரை செய்துகொண்டு, பிடிமண்ணுக்கு மட்டும் வந்துபோன வேளார் அன்றுதான் திரும்பினார். ஊருணிக்குள் இறங்கி மணலைக் காலால் கிளறிப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏப்பா, அடிக்களிய எடுத்துப்புட்டீங்களேப்பா! பானையில ஓட்டையப் போட்டுட்டு, தண்ணி நிக்கலையேன்னா எப்படிப்பா நிக்கும்?"

சேதி கேட்டு வந்த ஜாபர் அவருக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். "தப்பு எங்க மேலதான் அய்யா. ஜேசிபி கொண்டாந்தது நாங்கதான்."

தோண்டு தோண்டு என்று சொன்னது நாங்கள். அதை ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. களியோடு வாழ்கிற மனுஷன் பக்கத்திலேயே இருக்கிறார், அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டால்தான் எங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து வாசலைப் பார்த்தேன். நான் போட்ட களி குப்பையும் சரளையும் கலந்து மிதிபட்டுக் கிடந்தது. திரும்ப எடுக்க முடியாது. எல்லோர் வயலிலும் உழுது கலந்தாகிவிட்டது. அந்த ராத்திரி எனக்கு வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. கெட்டது நடப்பதுதான் வழக்கம் என்பது போல இருந்தது. அதுதான் நான் இருந்த இடத்திலேயே மோசமான இடம் என்று இப்போது தெரிகிறது.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். புதிதாகக் களி பரப்பி, நனைத்து, மிதித்து, மூன்று அடுக்கு போட வேண்டும் என்றார் வேளார். அவ்வளவு களி எங்கே இருக்கிறது? எல்லோருக்கும் தெரியும். களிக்குழியில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. பிடிமண் கொடுத்தாகிவிட்டது. குதிரைக்குச் சொன்ன மண்ணை வேறு காரியத்துக்கு எடுத்தால் சாமி குத்தம் என்றார்கள். குதிரை எடுக்காமல் ஒரு தடவை விட்டால் என்ன ஆகுமோ என்று பயந்தார்கள்.

நான் எழுந்தேன். மகன் போன பிறகு நான் கூட்டத்தில் பேசியதே இல்லை.

"எனக்குச் செய்யப்போற குதிரைய ஊருணிக்குள்ள போடுங்க. அந்தக் களிய மொதல்ல அங்க கொட்டுங்க. சாமி குத்தம் வந்தா என் தலையில வரட்டும். இதுக்கு மேல எனக்கு வாரதுக்கு என்ன இருக்கு?"

பூக்கட்டிப் பார்ப்போம் என்றார் வேளார். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்பை இன்னொன்றிலும் கட்டி சாமி முன் போட்டு, ஒன்றை எடுத்தார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. வெள்ளை வந்தது. அப்புறம் நேர்த்திக்கடன் வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. "எங்க குதிரையவும் போடுங்க" என்றார்கள். அந்த வருடம் எங்கள் ஊரில் புரவி எடுப்பு நடக்கவில்லை. வெளியூரில் பலர் குறை சொன்னார்கள். காரணம் இதுதான்.

ஆவணி முழுக்கக் களி மிதித்தோம். மாடு விட்டால் சாணி போடும், குடிக்கிற இடம், மனுஷக் கால்தான் மிதிக்க வேண்டும் என்று வேளார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் நாங்கள், ஞாயிற்றுக்கிழமை மதுரைக்காரர்கள். அவர்கள் ஷூவைக் கரையில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்கள். பேங்க் பெண் வழுக்கி விழுந்து விழுந்து எழுந்தாள். "அக்கா, ஜிம்முக்குக் காசு கட்டினது வேஸ்ட்டு" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். களியை நனைக்க என் தொட்டியிலிருந்து ஓஸ் போட்டு உப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஒன்றரை வருடத்தில் அந்த வால்வைத் திறக்கும்போது கை கூசாதது அப்போதுதான்.

களி காய்ந்தால் வெடிக்கும். முடிவதற்கு முன்னால் மழை அடித்தால் கரைந்து ஓடும். செல்வியின் வளைகாப்பு இதற்கு நடுவில் அவள் மாமியார் வீட்டில் நடந்தது. நான் களி அப்பிய நகத்தோடு போய் வளையல் போட்டுவிட்டு, மகளை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தேன். மேகம் கட்டியிருந்தது.

இனி சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஊர்க்காரர்கள் திட்டாமல் படிக்க வேண்டும். புரட்டாசி பிறந்தும் மழை இல்லை. நாற்றங்கால் காய்ந்தது. பெண்கள் வீடு வீடாகக் கஞ்சி வாங்கி மழைக்கஞ்சி எடுத்தார்கள். கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, மழை வேண்டும் என்று மாரடித்து அழுதார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பாவம், மகனை நினைத்து உட்கார்ந்திருக்கிறாள் என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நான் உள்ளுக்குள் வேண்டியது வேறு. "அய்யா, தெக்கு மூலை இன்னும் மிதிக்கல. இன்னும் கொஞ்ச நாள் மழைய நிறுத்தி வைங்க." ஊரே மழை கேட்க, நான் ஒருத்தி வேண்டாம் என்று கேட்டேன். அவர்கள் கஞ்சியையும் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கேட்டேன்.

புரட்டாசி கடைசியில் தெற்கு மூலையை மிதித்து முடித்தோம். நான்காம் நாள் மழை இறங்கியது. ஐப்பசி முழுக்கப் பெய்தது. காய்ந்த நாற்றங்கால்கள் கொஞ்சம் போயின. மற்றவை பிழைத்தன. போன நாற்றுக்கு நானும் ஒரு காரணமோ என்று இன்றைக்கும் நெஞ்சில் உறுத்தல் இருக்கிறது. ஆனால் ஊருணியில் தண்ணீர் நின்றது. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். எட்டாம் நாள் போனேன். கரையில் ஒரு கல்லில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தேன். தண்ணீர் கோட்டை விட்டு இறங்கவில்லை. மேலே ஏறித்தான் இருந்தது.

அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அந்த மழை ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் எல்லாம் போயிருக்கும். சாமி கண்ணை மூடிக்கொண்டார் என்று ஊர் திட்டிய நாட்களில்தான் அவர் எங்களுக்காக மழையைப் பிடித்து வைத்திருந்தார். நான் கும்பிட்டேன். கை தானாக எழுந்தது.

ஆனால் நான் கேட்ட மாதிரி மகள் உடனே வரவில்லை. கார்த்திகையில் அவளுக்கு மதுரையில் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. மாமியார் வீட்டுக்கே போனாள். ஜாபர் கூட்டம் ஊருணிக்குப் பக்கத்தில் மணலும் கரியும் சரளையும் போட்டு வடிகட்டித் தொட்டி கட்டி, அடிபம்பு வைத்தது. சுற்றி வேலி போட்டது. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொண்டு போனார்கள். குடிக்கலாம் என்று எழுதிய தாளை ஜாபர் என் கையில்தான் கொடுத்தார். "முத்துப்பாண்டிகிட்டக் குடுக்கிற மாதிரி குடுக்குறேன்கா" என்றார். அதை அவன் போட்டோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

வைகாசியில் ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. செல்வி இறங்கினாள். சம்பந்தி அம்மா குழந்தையோடு இறங்கினார். வீட்டுக்குள்கூட வரவில்லை. "எங்க மதினி அந்த ஊருணி?" என்றார். கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவரே பம்பு அடித்து ஒரு செம்பு பிடித்தார். என் அடுப்பில் காய்ச்சி ஆற வைத்தார். ஆறு மாதம் முடிந்துவிட்டது, இனி குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். இதுவரை தாய்ப்பால் தவிர ஒன்றும் கொடுக்கவில்லையாம்.

சங்கில் ஊற்றி என்னிடம் நீட்டினார். "மொதத் தண்ணிய நீங்க குடுங்க மதினி."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "என் கை வேணாம் மதினி. நீங்களே குடுங்க."

அவருக்கு எல்லாம் தெரியும். பொங்கலன்று வாடை அடித்ததும் தெரியும், நான் திறந்துவிட்டதும் தெரியும். சங்கை இன்னும் பக்கத்தில் நீட்டினார்.

"ஊரே உங்க கையாலதான குடிக்குது. எம் பேத்திக்கு மட்டும் என்னவாம்? பிடிங்க."

பிடித்தேன். குழந்தையின் வாயில் சங்கை வைத்தேன். பாதியைத் துப்பினாள். பாதி உள்ளே போனது. முகத்தைச் சுளித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தாள். மறுபடியும் கொடுத்தேன்.

அழுதாயா என்று பிறகு வேளார் கேட்டார். அழவில்லை. ஆனால் மரத்துப் போன கைக்கு உணர்வு திரும்பும்போது முதலில் வலிக்கும். வலித்தது. என் முத்துப்பாண்டி இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

இந்த வருடம் புரவி எடுப்பு நடக்கிறது. எனக்கு ஒரு குதிரை செய்யட்டுமா என்று வேளார் கேட்டார். வேண்டாம், என் குதிரை ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, தண்ணீருக்கு அடியில் நிற்கிறது என்றேன்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உருகிக் கும்பிட முடியவில்லையே, அழுகை வரவில்லையே, என் வேண்டுதல் எங்கே போய்ச் சேரப்போகிறது என்று நினைக்காதீர்கள். மரக்கட்டை மாதிரி நின்று ஒரு வரி சொன்னேன். அதைக் கேட்டார். நான் நினைத்த நாளில் தரவில்லை, நான் நினைத்த ஆளை அனுப்பவில்லை, ஆனால் தந்தார். எங்கள் அய்யனாரை நம்பி ஒரு தடவை வந்து பாருங்கள். செருப்பைக் கரையிலேயே கழற்றிவிடுங்கள். காலையில் நான் பம்பு பக்கத்தில்தான் இருப்பேன். என் கையால் ஒரு செம்பு தண்ணீர் தருகிறேன்.